லோவில் நின்ற கார்

போன மாதம் ரிங்லெட்டில் ஒரு பட்டறைக்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன். என் மருமகனின் கார் அவர் பட்டறையில் நின்றது. ஆட்டோ கியர் கார். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. கியர்க் கம்பை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஒரு சமயம் ஸ்டார்ட் ஆகும், ஒரு சமயம் ஆகாது. பட்டறைக்காரர் ஒரு சின்னப் பெட்டியைக் காரில் மாட்டி, அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கியர் பொசிஷன் சென்சார் போயிடுச்சி அங்கிள். சாமான் ஈப்போவிலேருந்து வர மூணு நாளாகும். அதுவரைக்கும் வயர ஜம்ப் பண்ணி விட்டுர்றேன்லா. எந்தக் கியர்ல இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. நாற்பது வயதுக் குடும்பஸ்தர், எனக்கு நாற்காலி போட்டு மைலோ வாங்கிக் கொடுத்தவர். அவரைப் பிடித்து, எழுத முடியாத வார்த்தைகளில் திட்டினேன். மருமகன் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். பின்னாலிருந்து அந்த மனிதர், "அங்கிள், நான் என்னா தப்பா சொல்லிட்டேன்?" என்று கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சென்சார் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஆட்டோ கியர்க் கம்பை நகர்த்தினால் கீழே கியர்ப் பெட்டியில் ஒரு தண்டு திரும்பும். அதோடு சேர்ந்து சென்சாருக்குள் ஒரு சின்ன உலோகத் துண்டு நகரும். அது நிற்கிற இடத்தை வைத்துத்தான், கம்பு பார்க்கிங்கில் இருக்கிறதா, ரிவர்ஸில் இருக்கிறதா என்று கார் தெரிந்துகொள்கிறது. ரிவர்ஸ் விளக்கு எரிவதும், மீட்டரில் எழுத்து தெரிவதும் அதனால்தான். ஆனால் அதன் முக்கியமான வேலை வேறு. கம்பு பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகவே விடாது. கியரில் நிற்கிற ஆட்டோ காரை ஸ்டார்ட் செய்தால் அது பாயும். பாயாமல் தடுக்க நிற்கிற காவல்காரன் இவன். இவன் கெட்டுப்போவதும் சாதாரணமாகத்தான். ஈரம் இறங்கித் தகட்டில் பச்சை பிடிக்கும், தேய்ந்து தொடாமல் போகும், இல்லாவிட்டால் இணைப்புக் கம்பி ஆட்டம் கண்டு, மேலே முள் நியூட்ரல் என்று காட்டும்போது கீழே தகடு கொஞ்சம் தள்ளி நிற்கும். கம்பை ஆட்டினால் ஸ்டார்ட் ஆவது அதனால்தான்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த எமர்ஜென்ஸி காலத்தில் கம்ப்யூட்டரும் இல்லை, சென்சார் என்ற பெயரும் இல்லை. ஆனால் இதே காவல்காரன் ஒரு பித்தளைத் தகடும் இரண்டு வயரும் உள்ள சுவிட்சாக இருந்தான். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில், அவனை வேலை செய்ய விடாமல் கட்டிப் போட்டவன் நான்.

என் அப்பா அந்தத் தோட்டத்தில் மருந்தடித்தவர். நான் பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, ஆறு வருடத்தில் எஞ்சினை இறக்கி ஏற்றக் கற்றுக்கொண்டேன். அந்த ஆறு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கிரீஸும் குட்டும்தான்.

எங்கள் ஃபோர்மேன் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். பட்டறைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வருவார், சாயங்காலம் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். எங்களையெல்லாம் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார். ஒரு நட்டை முடுக்கினால்கூட அது வேலைப் புத்தகத்தில் ஏற வேண்டும். இன்ன வண்டி, இன்ன பாகம், என்ன செய்தது, யார் செய்தது. எழுதியதை அவர் படித்துப் பார்த்து, பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழுந்தால்தான் வண்டி பட்டறையை விட்டு நகரும். இன்னொரு சட்டமும் உண்டு. சாமான் வரும்வரை தற்காலிகமாக ஏதாவது கட்டி வைத்தால், அந்த இடத்தில் ஒரு முழம் சிவப்புத் துணி தொங்க வேண்டும். "துணி தொங்குதெண்டால் வேலை முடியயில்லை எண்டு அர்த்தம். ஓட்டுறவன் கண்ணுக்குத் தெரிய வேணும். விளங்குதோ?" என்பார். விளங்காதவன் போல நின்றால் மறுபடி முதலிலிருந்து அதே வார்த்தைகளில் சொல்வார். அந்தப் பொறுமையே ஒரு தண்டனை.

அது கெடுபிடியான காலம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, லயங்களை, சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, கொழுந்தெடுக்கப் போகிற பெண்களைக் காலையில் வேலிக் கதவில் நிறுத்திக் கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். மலையிலிருந்து இறங்குகிற தாப்பா சாலையில் எந்த வளைவில் சுடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரப் பெரிய துரையின் கார்க் கதவுகளுக்கு உள்ளே இரும்புத் தகடு அடித்துக் கொடுத்ததே நான்தான்.

அந்தக் கார் சிங்கப்பூரிலிருந்து புதிதாக வந்தது. மலையிலேயே முதல் ஆட்டோ கியர் கார் என்று பேசிக்கொண்டார்கள். கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங் பக்கத்திலேயே கம்பு, அதற்கு மேல் வரிசையாக ஐந்து எழுத்து: பி, என், டி, எல், ஆர். பி பார்க்கிங், என் நியூட்ரல், ஆர் ரிவர்ஸ். அதை ஓட்ட வீராசாமியை வைத்தார்கள். அதற்கு முன் தோட்டத்து லோரி ஓட்டியவன். பக்கத்து லயம், என் வயது. ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம். முதல் இரண்டு நாள் அவன் இடது கால் கிளட்சைத் தேடிக்கொண்டே இருந்தது. "என்னாடா மச்சான் இது, ஒத்தக் காலு வேலையில்லாம கெடக்குது. அதுக்கும் சேத்து சம்பளம் வாங்குறேன்" என்று சிரிப்பான்.

இந்த இடத்தில் ஒரு லோரிக்காரன் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் சமதரை கிடையாது. லோரியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். முதல் கியருக்கு நாங்கள் சொல்வது 'லோ'. நியூட்ரல் என்பது 'ஃப்ரீ'. "ஃப்ரீயில விட்டவன் வண்டி பள்ளத்துல" என்று பழமொழியே உண்டு. வீராசாமி அந்த ஐந்து எழுத்தைப் பார்த்தான். "எல்லுன்னா லோதான? அப்பறம் என்னா கவல" என்றான். எழுத்தைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரிதான். ஆனால் ஆட்டோ கியரில் எஞ்சின் நின்றுவிட்டால் அந்த லோ காரைப் பிடித்து நிறுத்தாது. பிடித்து நிறுத்துவது பி மட்டும்தான். அதையும் அவன் ஒரு முறை போட்டுப் பார்த்தான். தொழிற்சாலை இறக்கத்தில் காரின் பாரம் முழுக்க உள்ளே இருக்கிற பல்லில் உட்கார்ந்து, கம்பு வெளியே வரமாட்டேன் என்றுவிட்டது. துரை பார்த்துக்கொண்டிருக்க, நாலு பேர் காரை மேலே தள்ளிப் பிடித்துத்தான் எடுத்தோம். அன்றோடு பியை அவன் தொடவில்லை. எங்கே நிறுத்தினாலும் லோ, ஹேண்ட் பிரேக், கல்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் முதல் வாரமே, "காடி செத்துப்போச்சி மச்சான், பட்டன அமுக்குனா மூச்சே இல்ல" என்று அவன் பட்டறைக்கு ஓடி வந்தான். போய்ப் பார்த்தால் கம்பு எல்லில் நின்றது. அதை 'என்' எழுத்துக்குத் தள்ளி ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினேன். உடனே எடுத்தது. "லோவுல நிக்கும்போது இது எடுக்காதுடா. உள்ள ஒரு சுவிட்ச்சு இருக்கு. ஃப்ரீக்குத் தள்ளிட்டு அமுக்கு" என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகும் பாதி நாள் மறந்துவிட்டு எல்லிலேயே அமுக்குவான். கார் பேசாமல் இருக்கும். "ஓஹோ, ஐயா கோவிச்சிக்கிட்டாரு" என்று காரைப் பார்த்துச் சொல்லி, ஃப்ரீக்குத் தள்ளி மறுபடி அமுக்குவான். அவன் மறதிக்கு அந்தச் சுவிட்சுதான் காவல். இது தெரிந்த ஒரே ஆள் நான்.

மழைக்காலம் வந்தது. சுவிட்ச் இருந்தது ஸ்டியரிங் தண்டின் அடியில். மூடுபனி ஈரம் அதற்குள் இறங்கியது. தகட்டில் பச்சை பிடித்து, ஃப்ரீயில் வைத்தாலும் கார் எடுக்காமல் போகத் தொடங்கியது. நான் மூன்று முறை கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். பத்து நாள் ஓடும், மறுபடி மக்கர் பண்ணும். கனகசபை ஐயா புதுச் சுவிட்சுக்குச் சிங்கப்பூருக்கு எழுதினார். அது வர வேண்டும்.

அப்போதுதான் தாப்பா சாலையில் அந்தச் சம்பவம். ஒரு வளைவு தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே மரம். அந்த நாளில் குறுக்கே மரம் கிடந்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான். அடித்த பிரேக்கில் எஞ்சின் நின்றுவிட்டது. திருப்பிக்கொண்டு ஓடலாம் என்று பட்டனை அமுக்கினால் எடுக்கவில்லை. வீராசாமி கம்பை ஆட்டி ஆட்டி அமுக்குகிறான். பின்சீட்டில் துரை துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து கிடக்கிறார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தது. மரம் மழைக்கு விழுந்த மரம்தான், யாரும் சுடவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைத் துரை மறக்கவில்லை.

நேராகப் பட்டறைக்கு வந்தார். கனகசபை ஐயா ஈப்போவுக்குப் போயிருந்தார், மறுநாள்தான் வருவார். துரை தன் துரைத் தமிழில், "இந்த காடி எப்பவும் ஸ்டார்ட் ஆகணும். எப்பவும். இல்லே, நீ நம்ம தோட்டத்துக்கு வேணாம். தெரியுமா?" என்றார். "சரிங்க தொரே" என்றேன்.

மறுபடி தேய்த்து மாட்டியிருக்கலாம். ஐயா வரட்டும், கேட்போம் என்று இருந்திருக்கலாம். எனக்குப் பயம். பயத்தோடு கொஞ்சம் திமிரும் இருந்தது, நான்தான் சரி செய்தேன் என்று துரை நினைக்க வேண்டும் என்று. சுவிட்சுக்குப் போகிற இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடு ஒன்று முறுக்கி டேப் சுற்றினேன். சுவிட்ச் சும்மா தொங்கியது. இனி கம்பு எங்கே இருந்தாலும் கார் எடுக்கும்.

வீராசாமி பக்கத்தில் நின்று பார்த்தான். "மச்சான், இனிமே ஐயா கோவிச்சிக்க மாட்டாரு. நீதான் பாத்துக்கணும். அமுக்குறதுக்கு முன்னால கம்பு ஃப்ரீயில இருக்கான்னு பாரு. லோவுல அமுக்குன, பாஞ்சிரும்" என்றேன். தலையாட்டினான். சிவப்புத் துணியை எடுத்து ஸ்டியரிங்கில் கட்டப் போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், தொரை காடியில செவப்புத் துணி கட்டி என்னைய உள்ள தள்ளப் பாக்குறியா? தாப்பா செக்கிங் கேட்டுல மாத்தாக்காரன் பாத்தா என்னா சொல்லுவான்?"

போலீஸ்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், மாத்தா என்று. சிவப்பு என்றால் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளின் கொடி நிறம். இரண்டு பேரும் சிரித்தோம். துணியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேறு நிறத்தில் ஏதாவது கட்டியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். கட்டியிருக்கலாம்தான். உண்மையைச் சொன்னால், துணி தொங்கினால் ஐயா வந்ததும் பார்த்துவிடுவார், வயரைப் பிரிக்கச் சொல்வார், கார் மறுபடி மக்கர் பண்ணும், துரை என்னைத் தொலைப்பார். அதனால் வீராசாமி தடுத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. வேலைப் புத்தகத்தில், 'துரை கார், ஸ்டார்ட்டர் சுவிட்ச், சுத்தம் செய்யப்பட்டது, சவரிமுத்து' என்று எழுதினேன். மறுநாள் ஐயா படித்துப் பார்த்துப் புள்ளி வைத்தார்.

இரண்டு மாதம் கார் ஒரு முறைகூட மக்கர் பண்ணவில்லை. வீராசாமியும் நான் சொன்னதை மறக்காமல் கம்பைப் பார்த்தே அமுக்கினான். புதுச் சுவிட்ச் வந்தபோது, "பழசு நல்லா வேலை செய்யுது, கிடக்கட்டும்" என்று ஐயா அதை ஸ்டோரில் வைத்துப் பூட்டினார். துரை என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். நான் அதில் குளிர் காய்ந்தேன். முறுக்கின வயரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்று காலை நல்ல பனி. வேலிக் கதவில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்த இறக்கத்தில் வீராசாமி காரை நிறுத்தி, வழக்கம்போல் லோவில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, கல் கொடுத்தான். துரை இறங்கிப் போய், காருக்கு முன்னால் நின்று காவலில் இருந்த போலீஸ் கார்ப்பரலிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிகிறது, காரை எடு என்பது போல வீராசாமிக்குக் கையைக் காட்டினார். வீராசாமி கல்லை எடுத்துவிட்டு உள்ளே ஏறினான். பனியில் எஞ்சின் ஆறிப்போயிருக்கும் என்று சோக்கை முழுக்க இழுத்துவிட்டுப் பட்டனை அமுக்கினான். சோக் இழுத்தால் எஞ்சின் எடுத்ததுமே வேகமாகச் சுற்றும். கம்பு எல்லில் இருந்தது. சுவிட்ச் இருந்திருந்தால் சத்தமே வந்திருக்காது, அவன் ஐயா கோவிச்சிக்கிட்டாரு என்று சிரித்திருப்பான். இப்போது இரும்புத் தகடு அடித்த அவ்வளவு பாரமும் ஹேண்ட் பிரேக்கை மீறி இறக்கத்தில் பாய்ந்து, துரையைக் கதவுக் கம்பத்தோடு வைத்து நசுக்கியது. நான் பட்டறையிலிருந்து ஓடிப் போய்ப் பார்த்தபோது துரையின் கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்தது. பெண்கள் அலறிக்கொண்டிருந்தார்கள். வீராசாமியைத் தரையில் குப்புறத் தள்ளி முதுகில் துப்பாக்கியை வைத்திருந்தான் கார்ப்பரல்.

துரையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காரைத் தள்ளிப் பட்டறைக்குள் விட்டு, ஆபீசர் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார்கள். அவன் எனக்குத் தெரிந்தவன். வெளியே நின்று சிகரெட் குடித்துக்கொண்டிருந்தான். கனகசபை ஐயா தொழிற்சாலையில் இருந்தார், ஆபீசரோடு சேர்ந்துதான் வருவார். உள்ளே நான் ஒருவன்தான்.

வீராசாமியின் அண்ணன் முன்பு, அரசு தடை செய்த தொழிற்சங்கத்தில் இருந்தவன். அதனால் போலீசுக்கு அந்தக் குடும்பத்தின் மேல் ஏற்கெனவே ஒரு கண். இப்போது துரையைக் கார் ஏற்றிக் கொல்லப் பார்த்தான் என்று சொல்வார்கள். வயரைப் பார்த்தால் தப்பிப்பான். ஆனால் துரையின் காரில் வயரை மாற்றி வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்குப் போன ஆள் திரும்பி வருவது நிச்சயம் இல்லை. இதெல்லாம் எனக்கு ஒரே கணத்தில் தோன்றியது என்று எழுதினால் பொய். நான் எதையும் யோசிக்கவில்லை. என் கை தானாகப் போய் டேப்பைப் பிரித்தது.

சுவிட்சைத் திறந்தேன். தகட்டை உப்புத்தாளால் மினுமினுக்கும்வரை தேய்த்தேன். வயர்களை அதனதன் இடத்தில் முடுக்கினேன். கம்பு 'என்' எழுத்தில் இருக்கும்போது தகடு நேராக உட்காருகிறதா என்று பார்த்து இணைப்புக் கம்பியையும் சரி செய்தேன். அரை மணி நேர வேலை. அதை அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னும் நான் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. த்தூ, என் பிழைப்பு.

ஆபீசர் வெள்ளைக்காரர். கூடவே கைவிலங்கோடு வீராசாமியையும் கொண்டு வந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "ஐயா, இந்தா நிக்கிறாரு சவரிமுத்து. இவருதாங்க ரெண்டு வயரையும் சேத்துக் கட்டுனாரு. லோவுல இருந்தத நான் மறந்து அமுக்கிட்டேங்க. தெறந்து பாருங்க, தெரியும்" என்றான்.

கனகசபை ஐயா குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பிறகு அவர் பாணியில் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். காருக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம் என்றார். நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுக்கச் சொன்னார். கம்பை பியில் வைத்துப் பட்டனை அமுக்கினார், எடுத்தது. நிறுத்தினார். என்னில் வைத்து அமுக்கினார், எடுத்தது. நிறுத்தினார். டியில் வைத்து அமுக்கினார். சத்தம் இல்லை. எல்லில் வைத்து அமுக்கினார். சத்தம் இல்லை. எல்லில் மட்டும் மூன்று முறை அமுக்கினார். ஆரிலும் இல்லை. ஆபீசர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு அங்கேதான் விளங்கியது நான் செய்தது என்னவென்று. வயரைப் பிரித்து நான் தப்பித்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சுவிட்ச் இப்போது நன்றாக வேலை செய்கிறது. நன்றாக வேலை செய்கிற சுவிட்ச் இருந்தால் கார் லோவில் ஸ்டார்ட் ஆக வழியே இல்லை. அப்படியானால் வீராசாமி ஃப்ரீயில் ஸ்டார்ட் செய்து, துரை முன்னால் நிற்பதைப் பார்த்து, வேண்டுமென்றே கம்பைத் தள்ளி ஏற்றியிருக்கிறான். அந்தப் பித்தளைத் தகடு அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியைத் தேய்த்துத் துலக்கி நிறுத்தியவன் நான்.

ஐயா புத்தகத்தைப் புரட்டினார். என் கையெழுத்தில் ஏறிய வரியையும் தன் புள்ளியையும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சவரிமுத்து, நீர் இதில சுத்தம் செய்ததைத் தவிர வேறை ஏதும் செய்தனீரோ?"

"இல்லீங்க ஐயா."

"வயர் ஏதும் மாத்திக் கட்டினனீரோ?"

"இல்லீங்க ஐயா."

"இவர் கட்டினதெண்டு சொல்லுறார். நான் திரும்பவும் கேக்கிறன். கட்டினனீரோ?"

வீராசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லிவிடுவேன் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் ஐயாவின் வெள்ளைச் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "கட்டலீங்க" என்றேன்.

"டேய் சவரி..." என்றான் வீராசாமி. அவ்வளவுதான் சொன்னான். திட்டவில்லை. தன் காதில் ஏதோ தவறாக விழுந்துவிட்டது போல மறுபடி என் வாயையே பார்த்தான். பிறகு அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

விசாரணை, வக்கீல் என்று எதுவும் இல்லை. எமர்ஜென்ஸி சட்டத்தில் அதெல்லாம் தேவைப்படவில்லை. தடுப்பு முகாமில் சில மாதம் வைத்திருந்து, இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதாகத் தாள் வந்தது. அவன் பிறந்தது இங்கேதான், ரிங்லெட்டுக்குக் கீழே. இந்தியாவில் அவனுக்கு யாரையும் தெரியாது. பெண்டாட்டியும் பிள்ளையும் விரும்பினால் கூடப் போகலாம் என்று சொன்னார்கள்.

அவன் பெண்டாட்டி அஞ்சலை. கொழுந்தெடுப்பவள். முகாமுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், இடுப்பில் பெண் குழந்தையோடு என் லயத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்த கேக்குறேன். நீங்க வயரு கட்டுனீங்களா, இல்லியா?"

நான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன்.

"அவரு மாரியாத்தா மேல சத்தியமா நீங்க கட்டுனீங்கன்றாரு. ஆபீசரு கட்டலன்றாரு. நீங்க கட்டலன்னா இவரு தொரை மேல வேணும்னுதான் ஏத்துனாரு. ஏத்திட்டு, கட்டுன பொஞ்சாதி எங்கிட்டயும் ஆத்தா மேல பொய்ச் சத்தியம் பண்றாரு. அப்பிடிப்பட்ட மனுசன நம்பி, இந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு முகம் தெரியாத ஊருக்கு நான் எப்பிடிண்ணே போவேன்? நாளைக்குள்ள சொல்லணுமாம். நீங்க ஆமான்னு சொன்னா மூட்டையக் கட்டிருவேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். ஆபீசரிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, வேலை போகாது, முகாம் கிடையாது. அவள் காதில் ஒரே ஒரு 'ஆமாம்மா' சொல்லியிருந்தால் போதும். அதைக்கூட நான் சொல்லவில்லை.

"கட்டலம்மா" என்றேன்.

குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீராசாமி தனியாகத்தான் கப்பலேறினான்.

அதன் பிறகு வேலை செய்த வருடங்களைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தேன். கனகசபை ஐயா பணி முடிந்து போனபின் அந்தப் பட்டறைக்கு நானே ஃபோர்மேன் ஆனேன். அவர் சந்தேகப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு என் வரிகளுக்கு அவர் புள்ளி வைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் வண்டியைப் பார்த்தார் என்பது மட்டும் தெரியும். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, 'நேர்மையான உழைப்பாளி' என்று பேசினார்கள். மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சலை அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்து மகளை வளர்த்தாள். எதிரே வந்தால் நான் வேறு பாதையில் திரும்பிவிடுவேன்.

பட்டறைக்காரரைத் திட்டிவிட்டு வந்த பிறகு இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போனேன். அஞ்சலை இப்போது ரிங்லெட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டு, "வாங்கண்ணே, ஒக்காருங்க" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வயரைக் கட்டியது, பிரித்தது, தேய்த்தது, ஐயா மூன்று முறை கேட்டது, அவள் ஒரு முறை கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை என்று தெரியும்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப அவரு சொன்னது நெசந்தானா?"

"நெசந்தாம்மா."

"எங்கிட்ட அவரு பொய்யே சொல்லலியா?"

"சொல்லலம்மா."

ரோட்டுப் பக்கம் திரும்பினாள். காய்கறி லோரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"போனதுக்கப்பறம் அஞ்சு கடுதாசி போட்டாருண்ணே. ஒண்ணக்கூட நான் படிக்கச் சொல்லிக் கேக்கல. பொய்யத்தான எழுதியிருப்பாருன்னு அப்பிடியே அடுப்புல போட்டுட்டேன். இப்ப அவருக்குப் பதில் போடணும். எந்த வெலாசத்துக்குண்ணே போடுறது?"